கம்பம் நகர்ந்த இடம்

சும்மா நிற்பதற்குச் சம்பளம் வாங்கிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்புவது கஷ்டம்தான். நாடக அரங்கில் விளக்குகளைத் திருப்பி இறுக்கும் நாட்களில், நடிகர்கள் வந்து சேருவதற்கு முன்பே, அவர்கள் நிற்க வேண்டிய இடங்களில் எல்லாம் இவள் போய் நிற்பாள். ராஜா நிற்கும் இடத்தில் நிற்பாள். ராஜாவைக் குத்துகிறவன் நிற்கும் இடத்திலும் இவளே நிற்பாள். பிணம் கிடக்க வேண்டிய இடத்தில் படுத்துக்கொள்வாள். ஏணி மேல் இருக்கும் ஆள் விளக்கை இவள் முகத்துக்குத் திருப்புவார். இருட்டில், நாற்காலி வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் லைட் மாஸ்டர் இன்னும் கொஞ்சம் இடது, போதும், இறுக்கு என்பார். பிறகு அடுத்த இடம். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை இதே பிழைப்பு. நாடகம் மேடையேறும் அன்று இவளுக்கு அங்கே வேலை கிடையாது.

அரங்கில் எல்லாரும் இவளைக் கம்பம் என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், கம்பத்துக்கு ஒரு இடத்தில் நிற்கவே முடியாது. வீட்டில் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தபடிதான் சாப்பிடுவாள். பேருந்து சிக்னலில் நின்றால் பொறுக்காமல் இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே போவாள். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்யும் அவள் கணவர், "இவ கால்ல சக்கரம் வெச்சவன் பிரேக்கை மறந்துட்டான்" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவளைப் பிடித்து மணிக்கணக்கில் அசையாமல் நிற்க வைத்தால் என்ன ஆகும்? ஒரு நாள் ஏதாவது ஆகத்தான் செய்யும். ஆனது.

அது நடந்து பத்தொன்பது வருஷம். அதற்குப் பிறகு அந்தச் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்ற ஆரம்பித்தது என்பது கணவருக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நாற்பத்தெட்டு வயதில், துணிக்கடை ஒன்றில் மாடிக்கும் கீழுக்குமாக நடக்கும் வேலையில் இருந்தவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அரங்கிலிருந்து போன் வந்தது. பேசியவள் ஆவண அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண். பழைய நாடகம் ஒன்றை அப்படியே மறுபடி மேடையேற்றப் போகிறார்களாம். பெட்டியைத் திறந்தால் விளக்குப் பிளான் இருக்கிறது, எந்த விளக்கு எங்கே விழ வேண்டும் என்ற சீட்டு இருக்கிறது, வண்ணக் காகிதத் துண்டுகள் கூட இருக்கின்றன. கூடவே நூற்றுப் பன்னிரண்டு புகைப்படங்கள். எல்லாவற்றிலும் ஒரே பெண். பட்டியலில் ‘அடையாளம் தெரியாதவர்’ என்று போட்டிருக்கிறது. பழைய வாயில்காவலரை விசாரித்ததில் இவள் நம்பர் கிடைத்ததாம். ஒரு எட்டு வந்து, இது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா?

எந்த நாடகம் என்று கேட்டாள். பதில் வந்ததும் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

போகாமல் இருந்துவிடலாம். அதைத்தான் முதலில் நினைத்தாள். ஆனால் போகாவிட்டால் அந்தப் படங்களை வேறு யாராவது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு அவளை அன்று மட்டும் மாடிப்படியில் நாற்பது தடவை ஏற்றி இறக்கியது. மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள்.

ஆவண அறை அரங்கின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. இரும்பு அலமாரிகள், நீள மேஜை, சத்தம் போடும் ஒரு ஏ.சி. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைத் துணிக் கையுறை போட்டிருந்தாள். மேஜையில் பேனா வைக்கக் கூடாது, பென்சில்தான் என்றாள். இன்னொரு விதியும் சொன்னாள். இந்த அறையில் எதையும் அழிக்க மாட்டார்கள். காகிதத்தில் தப்பாக இருந்தாலும் தப்பு அப்படியே இருக்கும். தப்பு என்று தெரிந்தால் இன்னொரு தாளில் எழுதி அதனுடன் சேர்த்து வைப்பார்கள், அவ்வளவுதான். கம்பம் தலையை ஆட்டினாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள்.

படங்கள் வரிசையாக வந்தன. இருபத்தொன்பது வயதுக் கம்பம். நாற்காலிக்குப் பக்கத்தில், படியில், கதவருகில், தரையில் படுத்தபடி. ஒவ்வொரு படத்திலும் வேறு வெளிச்சம். முகம் மட்டும் ஒன்றே, எப்போ விடுவீங்க என்று கேட்கிற முகம். ஆவணப் பெண்ணுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. கம்பமும் சிரித்து வைத்தாள். கண் மட்டும் படக் கட்டின் அடியிலேயே இருந்தது.

நூற்றுப் பன்னிரண்டாவது படம் வந்தது. கடைசிக் காட்சி. மேடை முழுக்க இருட்டு. முன்பக்கத்தில் அவள் முகத்தில் மட்டும் வெளிச்சம். அவள் குதிகாலுக்குப் பின்னால், நன்றாக இரண்டு எட்டு தள்ளி, வெளிச்சம் கசிந்த தரையில் வெள்ளை டேப்பில் ஒட்டிய பெருக்கல் குறி. அவள் நின்றிருக்க வேண்டிய இடம் அது. யாராவது கொஞ்சம் குனிந்து பார்த்தால் போதும்.

பக்கத்து அறையில் போன் அடித்தது. ஆவணப் பெண் எழுந்து போனாள். கம்பம் படத்தை எடுத்துக் கைப்பைக்குள், குடைக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவே செருகினாள். அது இரண்டு நொடி வேலை. திரும்பி வந்த பெண் நீட்டிய தாளில் ‘படங்களில் இருப்பது நான்தான்’ என்று பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். பேருந்துக்குக் காத்திருக்கவில்லை. வீடு வரை நடந்தாள்.

என்னதான் செய்தாள் அப்படி?

அன்று விளக்கு வேலையின் கடைசி நாள். மதியம் மூன்றரை மணி. கடைசிக் காட்சிக்கு மூன்று விளக்குகள் பாக்கி. ஏழு மணி நேரம் நின்றதில் இடது கால் மரத்துப் போயிருந்தது. நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். ஏழு வயது மகள் வாசலில் நிற்பாள். லைட் மாஸ்டர் டீ குடிக்கப் பின்பக்கம் திரும்பினார். ஏணிக்காரர் ஏணியை நகர்த்திக்கொண்டிருந்தார். கால் மரமரப்பு போகட்டும் என்று கம்பம் இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். காலை உதறினாள். பின்னால் போவதற்குள் மேலிருந்து முதல் விளக்கு அவள் முகத்தில் விழுந்துவிட்டது. மாஸ்டரின் குரல் இருட்டிலிருந்து வந்தது: இறுக்கு. இரண்டாவது விளக்கு. இறுக்கு. மூன்றாவது.

அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏணியை மறுபடி தள்ள வேண்டும், மூன்று விளக்கையும் அவிழ்க்க வேண்டும், இன்னும் ஒரு மணி நேரம். மகள் வாசலில் நிற்கிறாள். கம்பம் வாயைத் திறக்கவில்லை. படம் எடுத்தார்கள். ஓடினாள். பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மகள் பக்கத்து வீட்டுக்காரியோடு எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தாள்.

அந்தக் காட்சியில் நாயகி இருட்டுக்குள் மேடைக்குப் பின்னாலிருந்து நடந்து வர வேண்டும். விளக்கு எதிரே அடிக்கும்போது தரையில் ஒட்டிய டேப் கண்ணுக்குத் தெரியாது. கைதேர்ந்த நடிகைகள் முகத்தில் படும் சூட்டை வைத்துத்தான் நிற்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். நாயகி சூட்டைத் தேடி முன்னால் வந்தாள். டேப்பைத் தாண்டி வந்தாள். மேடையின் விளிம்பில் இசைக்குழு உட்காரும் பள்ளம் இருக்கிறது, ஒரு ஆளின் மார்பளவு ஆழம். டேப்பிலிருந்து விளிம்புக்கு நான்கு எட்டு. அவள் நின்றது இரண்டு எட்டில். ஜனங்கள் அந்த வெளிச்சத்துக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். பத்திரிகைகள் எழுதின. முப்பத்தேழு ஆட்டம் அப்படியே போனது. முப்பத்தெட்டாவது ஆட்டத்தில், விளக்கு அணைந்ததும் இருட்டில் திரும்பிய நாயகியின் காலில் நீளப் பாவாடை சிக்கியது. பள்ளத்தில் விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை.

மூன்று பேர் கொண்ட குழு வந்து நாடாவைப் பிடித்து அளந்தது. சீட்டில் வெளிச்சம் டேப் மேல் விழுவதாக இருந்தது. சீட்டை எழுதியவர் பிளானைப் பார்த்து எழுதியிருந்தார், மேடையைப் பார்த்து எழுதவில்லை. விளக்கோ இரண்டு எட்டு முன்னால் விழுந்தது. லைட் மாஸ்டரைக் கேட்டார்கள். என் கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுபடி எந்த அரங்கிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. கம்பத்தை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கம்பத்தைப் போய் யார் கேட்பார்கள்?

நாயகி படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து மட்டும் வாயில்காவலர் மூலமாக இரண்டு தடவை ஆள் வந்தது, வரச் சொல்கிறார்கள் என்று. விசாரிக்கத்தான் என்று நடுங்கிப்போய், காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். மாதம் முடிவதற்குள் வேலையை விட்டாள். பிறகு நாயகியைக் கடைத்தெருவில் எப்போதாவது பார்ப்பாள், கைத்தடியோடு. ஒரு முறை நாயகி கையைக் கூட உயர்த்தினாள். கம்பம் எதிர்ச்சாரிக்குத் தாவி, செருப்புக் கடைக்குள் புகுந்து, தேவையில்லாத ஒரு ஜோடியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

இதுதான் அந்தப் படத்தில் இருந்தது.

மறுநாள் காலையிலேயே ஆவணப் பெண் போன் செய்தாள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு படம் குறைகிறது, பையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்று பார்க்க முடியுமா என்றாள். கம்பம் பார்த்துவிட்டு இல்லை என்றாள். பார்க்கும்போது படம் கையில்தான் இருந்தது.

அடுத்த ஒன்பது நாட்கள் அந்தப் படம் வீட்டில் இருப்பிடம் கிடைக்காமல் அலைந்தது. அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். அங்கே சரிப்படாமல் மெத்தைக்கு அடியில். பிறகு பீரோவுக்குப் பின்னால், பிறகு கணவரின் கருவிப் பெட்டியில், அது பைத்தியக்காரத்தனம் என்று உறைத்ததும் மறுபடி அரிசி டின்னுக்கு. கிழித்துப் போட இரண்டு தடவை கையில் எடுத்தாள். கை வரவில்லை. வீட்டின் மூலை முடுக்கெல்லாம் அவள் குடைவதைப் பார்த்த கணவர் சாயங்காலம் ஒரு எலிப்பொறி வாங்கி வந்து வைத்தார். அவளுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. மென்று விழுங்கினாள்.

பத்தாம் நாள் இன்னொரு போன். இந்த முறை பேசியவர் புது விளக்கு டிசைனர். பழைய விளக்குகள் அவள் உயரத்துக்கு இறுக்கப்பட்டவை. அதே உயரம், அதே ஆள் நின்றால் வேலை சுத்தமாக இருக்கும். ஒரு நாள் வந்து நிற்க முடியுமா அக்கா என்றார். வரவில்லை என்றால் சந்தேகம் வரும் என்று கணக்குப் போட்டு ஒத்துக்கொண்டாள். அது பாதி உண்மை. மேடையில் என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியாமல் வீட்டில் இருப்புக்கொள்ளாது என்பதுதான் மீதி. கிளம்பும்போது படத்தையும் கைப்பையில் எடுத்துக்கொண்டாள். தான் இல்லாத வீட்டில் அது தனியாக இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

மேடையில் எதுவும் பெரிதாக மாறியிருக்கவில்லை. விளக்குகள் புதியவை, ஏணிக்குப் பதிலாகச் சக்கரம் வைத்த தூக்கி. பள்ளம் மட்டும் அதே பள்ளம். காலையிலிருந்து ஒவ்வொரு இடமாக நின்றாள். ஆவணப் பெண் மேடை ஓரத்தில் சீட்டுகளை வைத்துக்கொண்டு வாசிக்க, புது டிசைனர் இருட்டிலிருந்து இறுக்குங்க, இறுக்குங்க என்றார். பழைய வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக உயிரோடு எழுந்து வந்தன. அவளுக்குச் சந்தோஷமாகக் கூட இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

கடைசிக் காட்சியில் வேலை நின்றது. சீட்டில் டேப் மேல் என்று இருக்கிறது. விசாரணைக் குழுவின் அறிக்கையில் இரண்டு எட்டு முன்னால் என்று இருக்கிறது. எது சரி? அந்தப் படம் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்றாள் ஆவணப் பெண், யாரையும் பார்க்காமல்.  ஊரே எழுந்து நின்று கைதட்டியது முன்னால் விழுந்த வெளிச்சத்துக்குத்தான், பேப்பரில் இருந்ததற்கு இல்லை என்றார் புது டிசைனர். முப்பத்தெட்டு ஆட்டம் அப்படி ஓடியிருக்கிறது. அது மாஸ்டர் யோசித்துச் செய்ததாகத்தான் இருக்க வேண்டும், கைதவறி அவ்வளவு அழகு வருமா? விபத்துக்குக் காரணம் பாவாடை. இந்த முறை பாவாடையைக் கொஞ்சம் குட்டையாகத் தைத்தால் போயிற்று.

"அக்கா, ரெண்டு எட்டு முன்னால வாங்க."

வந்தாள். மூன்று விளக்குகளும் முகத்தில் விழுந்தன. சூடு பட்டதும் கன்னம் அதை அடையாளம் கண்டுகொண்டது. காலுக்கு முன்னால் பள்ளம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் கண்ணுக்குக் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முள்ளின் மேல் நிற்பது போல் நின்றாள். புது நாயகி வந்திருந்தாள், இருபத்திரண்டு வயதுப் பெண், கம்பத்தின் மகளை விடச் சின்னவள். பாவாடை இன்னும் குட்டையாக்கப்படவில்லை. இருட்டிலிருந்து நடந்து வந்து சூட்டைப் பிடித்து நில்லம்மா, பார்க்கலாம் என்றார் டிசைனர். கம்பம் ஓரமாக விலகினாள். அந்தப் பெண் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கியபடி வந்தாள். டேப்பைத் தாண்டினாள். பாவாடை நுனி தரையில் இழுபட்டது. இன்னொரு எட்டு வைத்தாள்.

கம்பம் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்ததில் வளையல் அழுந்திவிட்டது.

"வராதம்மா. இந்த வெளிச்சம் தப்பு. நான் நகர்ந்துட்டேன்."

அரங்கின் எல்லா விளக்குகளையும் போடச் சொன்னார்கள். கம்பம் மேடையிலேயே கைப்பையைத் திறந்து, குடையை எடுத்துக் கீழே வைத்து, படத்தை எடுத்து ஆவணப் பெண்ணிடம் நீட்டினாள். அப்புறம் சொன்னாள். கால் மரத்தது, மணி மூன்றரை, பள்ளிக்கூடம், ஏணி, பேசாமல் இருந்தது, எல்லாம். சொல்லும்போது மேடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.  புது டிசைனர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து படத்தில் அந்த வெள்ளைக் குறியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. மூன்று விளக்கையும் இரண்டு எட்டு பின்னால் இழுக்கச் சொன்னார். வெளிச்சம் டேப் மேல் விழுந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், பழைய அழகில் பாதிதான் இருந்தது. இருக்கட்டும், இதுவே போதும் என்றார்.

ஆவணப் பெண் திட்டுவாள் என்று கம்பம் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று கூட நினைத்தாள். அந்தப் பெண் படத்தின் மூலைகள் மடங்கியிருக்கின்றனவா என்று பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்து நீட்டினாள். சீட்டு அப்படியே இருக்கும், அறிக்கையும் அப்படியே இருக்கும், நடந்ததை இதில் எழுதுங்கள், சேர்த்து வைப்போம் என்றாள். கம்பம் பன்னிரண்டு வரி எழுதினாள். எழுதி முடித்ததும் இன்னொரு சங்கதி இருந்தது. வடிவமைப்பைப் பற்றிய திருத்தம் என்றால் வடிவமைத்தவரும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாஸ்டருக்கு மூன்று கடிதம் போட்டாகிவிட்டது, கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடக்கிறது என்றாள் அந்தப் பெண். விலாசம் மட்டும் இருக்கிறது.

நானே கொண்டுபோகிறேன் என்றாள் கம்பம்.

"மறுபடியும் உங்க கையில ஒரு பேப்பரைக் குடுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாள் ஆவணப் பெண். கேட்டுவிட்டுக் கொடுத்தாள்.

அன்று வீட்டுக்குப் போய் முதல் வேலையாகக் கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரை கேட்டார். பத்தொன்பது வருஷமா இதையா சுமந்துக்கிட்டு நடந்தே என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து போய் எலிப்பொறியை எடுத்துப் பரண் மேல் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டரைத் தேடிப் போனாள். விலாசம் ஒரு பெரிய மரச்சாமான் கடைக்குக் கொண்டுபோய் விட்டது. இரண்டாவது மாடியில் வீட்டு விளக்குகள் விற்கும் பகுதி. கூரை முழுக்கத் தொங்கும் விளக்குகள், எல்லாம் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. அதற்குக் கீழே கடைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைத் தலை ஆள், ஒரு தம்பதிக்குப் படுக்கையறைக்கு மஞ்சள்தான் நல்லது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவரை இந்த இடத்தில் இப்படி நிறுத்தியது நான்தான் என்று நினைத்துக்கொண்டாள். தம்பதி நகரும் வரை விளக்குகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி நடந்தாள்.

அவர் அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஆச்சரியப்படவில்லை. தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு மேஜை விளக்கின் கீழே பிடித்துப் பன்னிரண்டு வரியையும் நிதானமாகப் படித்தார். என்னை மன்னிச்சிடுங்க மாஸ்டர் என்று ஆரம்பித்தவளைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ நகர்ந்ததை நான் பாத்தேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"டீயைக் குடிச்சிட்டுத் திரும்பறேன், நீ முன்னால நிக்கிற. பின்னால போன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள முதல் விளக்கு உன் முகத்துல விழுந்துச்சு. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. டேப் எங்க இருக்குன்னு தெரியும். பள்ளம் எங்க இருக்குன்னும் தெரியும். இறுக்குன்னு சொன்னேன்."

மேலே ஏதோ ஒரு விளக்கு மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அவர் தொடர்ந்தார்.

"கவனக்குறைவுன்னு விசாரணைக் குழுகிட்ட சொன்னேன் பாரு, அதுதான் பொய். கவனமாத்தான் பண்ணேன்."

கம்பத்துக்கு நிம்மதி வரவில்லை. கோபம் வந்தது. பத்தொன்பது வருஷம் கெட்ட தூக்கம், பத்தொன்பது வருஷ நடை, செருப்புக் கடைகள், காய்ச்சல்கள், எல்லாம் ஒன்றாகத் திரண்டு மேலே வந்தது. இதை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். கடையில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டாள்.

"ஆள் அனுப்பினேனே, ஆஸ்பத்திரியிலிருந்து. ரெண்டு தடவை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "விழுந்தவங்க கண் முழிச்ச மூணாம் நாளே நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ நகர்ந்ததையும் சொன்னேன், நான் விட்டதையும் சொன்னேன். என்னை வெளியே போன்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் பேசலை. ஆனா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு தன்னாலதான்னு நினைச்சுக்கும், அதை வரச் சொல்லுங்கன்னாங்க. நீதான் வரலை."

கம்பம் பக்கத்தில் இருந்த விற்பனைச் சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெருவில் நாயகி கையை உயர்த்திய அந்த நாள் கண் முன்னால் வந்தது. அதைக் குற்றம் சாட்டும் கை என்று நினைத்துத்தான் ஓடியிருந்தாள்.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பென்சில்தான் வேண்டும் என்றாள். கல்லாவிலிருந்து ஒரு பென்சிலைத் தேடி எடுத்து, அவளுடைய பன்னிரண்டு வரிக்குக் கீழே எழுதினார்: ‘அவர் நகர்ந்ததைப் பார்த்தேன். பிடித்திருந்தது. பின்னால் போகச் சொல்லவில்லை.’ கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார். அந்தத் தாள் இப்போது அந்த ஜன்னல் இல்லாத அறையில், நூற்றுப் பன்னிரண்டாவது படத்தோடு ஒரே உறையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், கையுறை போட்டுக்கொண்டு.

கடையிலிருந்து இறங்கியவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நாயகியின் வீடு எங்கே என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருஷமாகச் சுற்றிக்கொண்டு போன தெரு, தெரியாமல் இருக்குமா? நேராக அந்தத் தெருவுக்குள் நுழைந்தாள். மூன்றாவது வீடு, பச்சைக் கதவு, ஓரத்தில் சாய்த்து வைத்த கைத்தடி. அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே தடியில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடந்து வரும் சத்தம் கேட்டது. ஒரு காலடி பலமாக, ஒரு காலடி மெல்ல. அந்தச் சத்தம் வாசல் வரை வந்து சேர நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் கம்பம் அசையவில்லை.

கதவு திறந்தது. நாயகி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நரைத்திருந்தாள், ஆனால் மேடையிலிருந்து கடைசி வரிசைக்குக் கேட்ட அந்தக் குரல் அப்படியே இருந்தது.

"வந்துட்டியா? உள்ள வா. இன்னும் எவ்வளவு நேரம்தான் நிப்ப?"